சொல்லுக்கு இரண்டு வெட்டு

பலெர்மோவில் பிறந்த எங்கட பிள்ளைகள் வாசிக்கப் பழகுவது கைதட்டித்தான். முதலாம் வகுப்பில் ரீச்சர் ஒரு சொல்லைச் சொல்வார். வகுப்பு முழுக்க அதைத் துண்டு துண்டாகச் சொல்லிக் கைதட்டும். 'கா-சா' என்றால் வீடு, இரண்டு தட்டு. 'கா-வால்-லோ' என்றால் குதிரை, மூன்று தட்டு. 'பா-லேர்-மோ' அதுவும் மூன்று. பிறகு சொல்லைக் கொப்பியில் எழுதி, துண்டுகளுக்கு நடுவில் சிறு கோடு போட்டுக் காட்டவேண்டும்.

இந்தத் துண்டுக்கு இத்தாலியத்தில் 'சில்லபா' என்று பெயர். வாய் ஒருதரம் திறந்து சொல்லி முடிக்கக்கூடிய ஒலி. தமிழில் அசை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் யாப்பில் 'மலர்' என்பது இரண்டு தரம் வாய் திறந்தாலும் ஒரே அசை, நிரையசை. குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரையில் 'ஒலித்துண்டு' என்றே வைத்துக்கொள்வோம்.

இத்தாலிய ஒலித்துண்டு விதிகள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் நின்றால், அது பின்னால் வருகிற உயிரோடு போகும். இரட்டை மெய் என்றால் நடுவில் வெட்டு. பந்துக்கு 'பால்-லா'. எஸ் எழுத்துக்குப் பின்னால் இன்னொரு மெய் வந்தால் இரண்டையும் பிரிக்கக்கூடாது. அதனால்தான் 'பா-ஸ்தா'. இவ்வளவும் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை, கருத்து விளங்காத பேப்பர் செய்தியைக்கூடக் கடகடவென்று வாசித்துவிடும். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம், சொல்வதை அப்படியே எழுதலாம் என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கும். இத்தாலியத்துக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி.

"இவளுக்கு இங்கிலிஷ் வராதாம்"

ஆனால் அதே பிள்ளை அதே முதலாம் வகுப்பில் ஆங்கிலத்தையும் தொடங்குகிறது. இத்தாலிய ஆரம்பப் பள்ளியில் முதல் வருடம் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம், அடுத்த வருடம் இரண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் மூன்று. அந்த நேரத்துக்குள் பாட்டு, நிறம், மிருகங்களின் பெயர், சில வசனங்கள் வரும். வாசிப்பை யாரும் அடியிலிருந்து சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைதான் வாசிக்கத் தெரிந்த பிள்ளையாயிற்றே!

எங்கள் மேல்மாடியில் இருக்கிற அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் கணிதத்தில் அவள்தான் முன்னுக்கு. ஒரு நாள் அக்கா படியிறங்கி வந்து, "தம்பி, ஆறு வரியமா இவள் இங்கிலிஷ் படிக்கிறாள். ரியூசன்ல இவளுக்கு மொழி பிடிபடாது எண்டு சொல்லிப்போட்டினம். தகப்பனுக்கு இங்கிலாந்து விசா சரிவாற மாதிரி இருக்கு. அங்க போய் இவள் என்ன செய்வாள்?" என்று கேட்டார்.

இது அந்த ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. இத்தாலியில் இருக்கிற எங்கட ஆட்களில் அரைவாசிப் பேருக்கு மாமா லண்டனில், சித்தி ரொறன்ரோவில். இத்தாலியக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். 2021 தொடக்கத்தோடு அந்தக் கதவு முன்போல் திறந்திருக்கவில்லை, விசா எடுத்துத்தான் போகவேண்டும். ஆனாலும் ஆசை குறையவில்லை. பதினொரு, பன்னிரண்டு வயதில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காரப்போகிற பிள்ளைக்கு 'மொழி வராது' என்ற முத்திரையை இங்கேயே குத்தி அனுப்பினால், அது அங்கேயும் கூடவே போகும்.

பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். 'பிகோஸ்' என்பதை அவள் 'பெ-காவ்-செ' என்று வாசித்தாள். 'சம்டைம்ஸ்' என்பது 'சோ-மெ-தி-மெஸ்' ஆயிற்று. கேட்டுக்கொண்டிருந்த அக்கா தலையில் கைவைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இத்தாலிய விதியை ஓர் எழுத்தும் பிசகாமல் பாவித்திருந்தாள். விதி நல்ல விதிதான். இந்த மொழிக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

கணினிக்கே கஷ்டமான வேலை

எனக்கு இது முன்பே பழக்கமான சிக்கல். முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வறிக்கையை நான் இத்தாலியத்திலும் அதன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதினேன். எழுதியது லேடெக் என்ற மென்பொருளில். வரி முடிவில் ஒரு சொல் அடங்காவிட்டால் அதுவே சொல்லை வெட்டி, ஹைபன் என்கிற சிறு கோட்டைப் போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளும். எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? தேடிப் பார்த்தேன்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் க்னூத்திடம் ஆய்வு செய்த பிராங்க்ளின் லியாங் என்பவர் 1983இல் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை அது. ஆய்வேட்டின் தலைப்பிலேயே சொற்களைச் சிறு கோடு போட்டுப் பிரித்துத்தான் அச்சடித்திருப்பார். அவருடைய வழி எளிமையானது. அகராதி முழுவதையும் மனப்பாடம் பண்ணாமல், சிறுசிறு எழுத்துச் சேர்க்கைகளை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவில் ஒரு எண் வைத்தார். ஒற்றை எண் என்றால் இங்கே வெட்டலாம், இரட்டை எண் என்றால் வெட்டாதே. ஒரே இடத்தைப் பற்றி இரண்டு மூன்று சேர்க்கைகள் வேறு வேறு மாதிரிச் சொன்னால், எது பெரிய எண்ணோ அது சொன்னதுதான். ஒருவர் போகலாம் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார், கடைசியில் வீட்டுப் பெரியவர் சொல் செல்லுமே, அது போல.

ஆங்கிலத்துக்கு இப்படி 4447 சேர்க்கைகள் தேவைப்பட்டன. அவ்வளவு இருந்தும் அகராதியில் உள்ள வெட்டுகளில் 89 சதவீதத்தைத்தான் அது கண்டுபிடிக்கும். சந்தேகமான இடத்தில் வெட்டாமல் விட்டுவிடும். அதற்கும் மேலாக 14 சொற்களைத் தனியாக எழுதி வைக்கவேண்டி வந்தது. இத்தாலியத்துக்கான கோப்பு இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அக்காவுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொன்னேன். "கொம்பியூட்டருக்கே நாலாயிரத்துச் சொச்சம் விதி தேவைப்படுற மொழி அக்கா இது. பிள்ளையை ஏன் ஏசுறியள்?"

அந்த 14 சொற்களில் 'பிரசென்ட்' ஒன்று, 'புரொஜெக்ட்' இன்னொன்று. இரண்டையும் வெட்டவே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் வேடிக்கையானது. 'பிரசென்ட்' பரிசு என்ற பெயர்ச்சொல்லாக வந்தால் எஸ் எழுத்து முதல் துண்டோடு நிற்கும். 'பிரெஸ்-என்ட்'. சபையில் ஒன்றை முன்வைப்பது என்ற வினைச்சொல்லாக வந்தால் எஸ் அடுத்த துண்டுக்குப் போய்விடும். 'பிரி-சென்ட்'. எழுத்து ஒன்றும் மாறவில்லை. வசனத்தின் கருத்து விளங்கினால்தான் எங்கே வெட்டுவது என்று தெரியும். கருத்து விளங்காத கணினி பேசாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டார்கள்.

ஒலியா, வேரா?

ஆங்கிலம் ஏன் இப்படி? அந்த மொழியில் சொல்லை வெட்ட இரண்டு வழக்கங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று காதுக்குக் கேட்கிறபடி வெட்டுவது. மற்றது சொல் பிறந்த வேரைப் பார்த்து வெட்டுவது.

அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல் புத்தகம் போட்டபோது, காதைத்தான் நம்பினார். அவருக்கு முந்திய புத்தகங்கள் 'ஹாபிட்' என்ற சொல்லை இத்தாலிய மாதிரியே 'ஹா-பிட்' என்று பிரித்தன. அப்படிப் பிரித்தால் பிள்ளை முதல் உயிரை நீட்டித்தானே வாசிக்கும் என்று சொல்லி, மெய்யை முன் துண்டோடு சேர்த்தார். பிரித்தானிய வழக்கோ கன காலமாக வேருக்கு மரியாதை கொடுத்து வந்தது. அறிவு என்ற பொருளுள்ள 'நொலெட்ஜ்' என்ற சொல்லை லண்டனில் அச்சடித்தால், அறிதல் என்ற வினைச்சொல் மேல் வரியில் முழுசாக நிற்கும், எல் எழுத்து கீழ் வரிக்குப் போகும். நியூயோர்க்கில் அச்சடித்தால் எல் மேல் வரியிலேயே நின்றுவிடும். 'பாஸ்தா'வைக்கூட இத்தாலியர் 'பா-ஸ்தா' என்று வெட்ட, ஆங்கில அகராதி 'பாஸ்-தா' என்று வெட்டுகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம் ஹெலிகொப்டர். காதுக்கு அது 'ஹெ-லி-கொப்-டர்'. ஆனால் சொல் பிறந்தது இரண்டு கிரேக்கச் சொற்களில். 'ஹெலிகோ' என்றால் சுருள், 'ப்தெரோன்' என்றால் சிறகு. ஆக, கருத்து வெட்டு 'ஹெலிகோ' முடிகிற இடத்தில் விழவேண்டும். டைனோசர் புத்தகத்தில் வருகிற டெரோடாக்டிலின் முன்னால் ஓசையில்லாமல் நிற்கிற பி எழுத்தும் இதே சிறகின் எழுத்துத்தான் என்றால் பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

இன்னும் கிட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நாங்கள் இருக்கிற ஊர். கிரேக்கர் இதைப் 'பனோர்மொஸ்' என்றார்கள். 'பன்' என்றால் எல்லாம், 'ஓர்மொஸ்' என்றால் துறைமுகம். எல்லாமே துறைமுகமான ஊர். அரபுக்காரர் வாயில் அது 'பலர்ம்' ஆகி, இன்றைக்குப் பலெர்மோ. கைதட்டினால் 'பா-லேர்-மோ'. கருத்துப் பிரித்தால் முதல் துண்டு 'பன்'னோடு முடியவேண்டும். ஒலி ஓர் இடத்தில் வெட்டுகிறது, கருத்து இன்னோர் இடத்தில்.

நன்னூலில் இருக்கிற கத்தி

இந்த இரண்டு வெட்டும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதில்லை. எங்கட இலக்கணம் இரண்டுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி இடமும் வைத்திருக்கிறது. ஒலியைப் பார்த்து வெட்டினால் அது யாப்பு: அசை, நேர், நிரை. கருத்தைப் பார்த்து வெட்டினால் அது பதவியல்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இதை ஒரு தனி இயலாகவே வைத்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் அதற்குக் காண்டிகையுரை எழுதினார்.

சனிக்கிழமை தமிழ் வகுப்பில் பிள்ளைகள் சலிக்கிற பாடம் இது. 'நடந்தாள்' என்பதை எடுங்கள். ஒலியால் வெட்டினால் 'ந-டந்-தாள்'. கருத்தால் வெட்டினால் நட + த் + த் + ஆள். சந்தியாக வந்த முதல் 'த்', 'ந்' ஆகத் திரிந்தது விகாரம். இரண்டாவது 'த்' நடந்து முடிந்த காலத்தைச் சொல்கிறது, 'ஆள்' நடந்தது பெண் என்கிறது. 'தா' என்ற ஒரே எழுத்துக்குள்ளேயே கருத்து வெட்டு விழுகிறது, கவனித்தீர்களா? ஒலி அந்த இடத்தைத் தொடவே தொடாது.

மேல்மாடிப் பிள்ளைக்கு இதைத்தான் நீலம், சிவப்பு என்று இரண்டு பென்சிலாகக் கொடுத்தேன். நீலம் ஒலிக்கு, சிவப்பு கருத்துக்கு. ஆங்கிலச் சொல் எது வந்தாலும் முதலில் சிவப்பு, பிறகுதான் நீலம். கருத்துத் துண்டைக் கண்டுபிடித்தால் 'சம்டைம்ஸ்' என்பது 'சம்' என்றும் 'டைம்ஸ்' என்றும் இரண்டாகும். இரண்டும் அவளுக்குத் தெரிந்த சொற்கள். நடுவில் நிற்கிற ஈ எழுத்தை அதற்குப் பிறகு அவள் வாசிக்கவே இல்லை.

'பிகோஸ்' வந்தது. சிவப்பால் 'பி' என்று முன்னொட்டைப் பிரித்தேன். மிச்சம் 'கோஸ்', காரணம். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்கட காவ்சா தானே!" என்றாள். அதேதான். இத்தாலியத்தில் காரணத்துக்கு 'காவ்சா'.

இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய சொத்து. ஆங்கிலத்தின் நீளமான சொற்களில் கனக்க லத்தீன் வழி வந்தவை. இத்தாலியம் லத்தீனின் பிள்ளை. 'போர்த்தாரே' என்றால் கொண்டுபோவது என்று தெரிந்த பிள்ளைக்கு இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றும் ஒரே வீட்டுச் சகோதரங்கள். 'மாரே' என்றால் கடல் என்று தெரிந்தால் சப்மரீனுக்குள் கடல் தெரியும். ஒலிக்கு இத்தாலிய விதியை விட்டுவிடச் சொல்கிற நாங்கள், கருத்துக்கு இத்தாலியத்தையே கையில் எடுக்கச் சொல்லவேண்டும்.

இரட்டை எழுத்தின் வேலை

அவளை அதிகம் குழப்பியது இரட்டை மெய். இத்தாலியத்தில் எழுத்து இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும். 'நோன்-னோ' என்றால் தாத்தா, 'நோ-னோ' என்றால் ஒன்பதாவது. தமிழிலும் அப்படித்தான், வலி வேறு, வல்லி வேறு. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து ஒலியை இரட்டிக்காது. முன்னால் நிற்கிற உயிர் குறில் என்று சொல்வதுதான் அநேகமாக அதன் வேலை. ஒரு பி எழுத்தோடு 'பே-பர்', கடதாசி. இரண்டு பி எழுத்தோடு 'பெப்-பர்', மிளகு.

இரட்டிக்கிற விதியோ எங்களுக்குப் பழக்கமானதுதான். தனிக் குறிலுக்குப் பின்னால் மெய் நின்று, அதன்மேல் உயிர் வந்தால் மெய் இரட்டிக்கும். பல் + இல்லை, பல்லில்லை. நெடிலுக்குப் பின்னால் இரட்டிக்காது. கால் + இல்லை, காலில்லை. இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். ஓடுவது 'ரன்', அதோடு 'இங்' சேர்ந்தால் எழுத்தில் இரண்டு என் வரும். வாசிப்பது 'ரீட்', அதில் நெடில். 'இங்' சேர்ந்தாலும் ஒரே டி. மலர் + இல்லை 'மலரில்லை' ஆவது போல, 'விசிட்' என்ற இரண்டு துண்டுச் சொல்லிலும் டி எழுத்து இரட்டிக்காது. 'ஃபொர்கெட்' மட்டும் ஏன் இரட்டிக்கிறது? அதில் அழுத்தம் கடைசித் துண்டில் விழுகிறது. அழுத்தத்தைப் பார்ப்பது ஆங்கிலத்தின் தனிக் குணம், அதை மட்டும் கூடுதலாகப் பழகவேண்டும்.

எழுத்துப் பிழையும் இதனால் குறைகிறது. மறைந்துபோவதைச் சொல்கிற 'டிசப்பியர்' என்பதில் எத்தனை எஸ், திருப்தியில்லாததைச் சொல்கிற 'டிஸ்சட்டிஸ்ஃபைட்' என்பதில் எத்தனை எஸ் என்று பெரியவர்களே தடுமாறுவார்கள். சிவப்புப் பென்சில் எடுங்கள். 'டிஸ்' என்ற முன்னொட்டில் ஒரு எஸ். அடுத்த சொல் எஸ் எழுத்தில் தொடங்கினால் இன்னொன்று, இல்லாவிட்டால் இல்லை. மனப்பாடம் தேவையில்லை.

இரண்டு மாதம் கிழமைக்கு இரண்டு நாள் இருந்தோம். அவள் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுகிறாள் என்று சொல்லமாட்டேன். கதைக்கக் கூச்சம் இருக்கிறது, உச்சரிப்பில் சிசிலி மணக்கிறது. ஆனால் தெரியாத சொல் வந்தால் இப்போது கடகடவென்று ஓடாமல் நின்று பார்க்கிறாள். அக்கா 'வராது' என்ற சொல்லை விட்டுவிட்டார். விசாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வீட்டில் செய்து பார்க்க

பென்சில் இரண்டு போதும். நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். நாடி எத்தனை தரம் கீழே இறங்குகிறதோ, பெரும்பாலும் அத்தனை ஒலித்துண்டு. அது நீலம். பிறகு, 'இதுக்குள்ள உனக்குத் தெரிஞ்ச சொல் ஏதும் இருக்கா? தமிழில, இத்தாலியத்தில, எதிலயும்?' என்று கேளுங்கள். அது சிவப்பு. ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருந்தால் அந்த நாட்டு மொழியைக் கேளுங்கள், அங்கேயும் ஏதாவது அகப்படும்.

தொடங்குவதற்கு ஐந்து சொல் தருகிறேன்: அன்ஃபொர்கெட்டபிள், இம்பொசிபிள், சப்மரீன், ஹெலிகொப்டர், நொலெட்ஜ். ஆங்கில எழுத்தில் எழுதி, இரண்டு நிறத்திலும் வெட்டச் சொல்லுங்கள். ஆறாவதாக 'நடந்தாள்' என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். தமிழ் வகுப்பில் பகுபத இலக்கணம் எதுக்கு என்று பிள்ளை அடுத்த முறை கேட்கும்போது கொப்பியைத் திறந்து காட்டலாம்.